புறவாசலுக்கு நல்ல தண்ணீர்

பகவதி கோயம்புத்தூருக்குப் புறப்பட்ட அன்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் கோழிகளைப் பற்றித்தான். காஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதைப் பற்றியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. மகள் உமாராணிக்கு இரண்டாவது பிரசவம். மருமகனுக்கு அம்மா இல்லை. மூத்த பிள்ளையையும் வைத்துக்கொண்டு, வேலையையும் விட முடியாமல் மகள் அங்கே திணறிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து கொஞ்சம் தேறும்வரை பகவதி அங்கேயே இருப்பது என்று முடிவாகியிருந்தது.

"தீனி ஒரு நேரம் தவறினாக்கூட அதுக எங்கயாவது கிண்டிக் கெளறித் தின்னுக்கிடும்," என்று தூத்துக்குடி ஸ்டேஷனில், பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் சன்னல் கம்பி வழியாகச் சொன்னாள். "தண்ணி தவறப்படாது. சட்டிய தேச்சுக் கழுவணும். நெழல்ல வைக்கணும். நல்ல தண்ணியா வைக்கணும். கேக்கா இல்லியா?"

"கேக்கு, கேக்கு," என்றார் சங்கரபாண்டியன்.

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"தண்ணி வைக்கணும்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

சங்கரபாண்டியன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, போன வருஷம் ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு அவருக்குத் தூங்குகிற இடம். பகல் ஷிப்டு என்றால் ராத்திரித் தூக்கம், ராத்திரி ஷிப்டு என்றால் பகல் தூக்கம். புறவாசலில் கோழிகள் இருப்பது, தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு சத்தமாகத்தான் அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை. காலையில் பேப்பர், பத்து மணிக்கு டீக்கடை, சாயங்காலம் கூட வேலை பார்த்த பழைய சேக்காளிகளோடு பீச் ரோடு. புறவாசல் பகவதியின் ராஜ்யமாகவே இருந்தது.

வீடு முத்தையாபுரத்தில். தெரு முடிகிற இடத்திலிருந்து பார்த்தால் உப்பளம் வெள்ளையாகத் தெரியும். அந்த மண்ணில் போர் போட்டால் எப்படிப்பட்ட தண்ணீர் வரும்? குளிக்கலாம், துணி அலசலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். வந்த அன்று டிரம், குடம், சருவம் என்று வீட்டில் இருப்பதிலெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் 'நல்ல தண்ணி' என்றால் அதுதான். மற்றது வெறும் தண்ணி.

அவர் வெறும் தண்ணியைத்தான் வைத்தார். போர் தண்ணீர்க் குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டி, புறவாசலில் கிடந்த மண்சட்டியை நின்ற இடத்திலிருந்தே நிரப்பினார். சட்டி வெயிலில் கிடக்கிறதே என்று தோன்றவில்லை. உள்ளே பச்சையாகப் பாசி படர ஆரம்பித்ததையும் கவனிக்கவில்லை. கோழிகள் வந்து அலகை முக்கின, தலையை உதறின, போய்விட்டன. தாகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் பகவதி போன் செய்தாள்.

"தண்ணி வச்சியளா?"

"வச்சாச்சு."

"மாத்திரை போட்டியளா?"

"போட்டாச்சு."

"சரி, வச்சிரட்டா?"

அவ்வளவுதான் பேச்சு. இது அவர்களுக்குப் புதிதும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தபோதும் இதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டதில்லை. சண்டையோ சச்சரவோ ஒன்றும் கிடையாது. ஷிப்டுக்குப் போகிறவரும் ஷிப்டுக்குச் சோறு கட்டுகிறவளுமாக வருஷங்கள் போனதில், பேச்சு தேவைக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டிருந்தது. பிறகு ஷிப்டு நின்றது, பேச்சு மட்டும் சுருங்கினபடியே இருந்தது.

சித்திரைக் கடைசியில் அக்னி நட்சத்திரம் பிடித்தது. அந்த வருஷம் கடல் காற்றும் சீக்கிரம் வரவில்லை. மத்தியானம் கழிந்தும் உப்பளத்துப் பக்கமிருந்து அனல்தான் வீசியது. போதாக்குறைக்குத் தெருக்குழாயும் நின்றுபோனது. எங்கேயோ பைப் உடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். டிரம்மில் இருந்த நல்ல தண்ணீரை அவர் சமையலுக்கும் குடிக்கவும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்.

கோழிகள் எப்போது சோர ஆரம்பித்தன என்று அவருக்குத் தெரியவில்லை. முட்டை நின்றுபோயிருந்தது, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். புறவாசல் தரையெல்லாம் எச்சம் தண்ணீராகக் கிடந்தது. அதையும் ஹோஸை வைத்துக் கழுவிவிட்டார். ஒரு மத்தியானம் துண்டு காயப்போடப் போனவர், முருங்கை மரத்தடியில் செவலைக்கோழி இறக்கைகளை அகல விரித்து, மண்ணில் வயிற்றைப் பதித்துக் கிடப்பதைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கொண்டை, காய்ந்த மிளகாய் வற்றல் நிறத்துக்குக் கறுத்திருந்தது. மற்றவை ஆளுக்கொரு மூலையில் வாயைப் பிளந்து நின்றன. சேவல்கூட அவரைக் கண்டு நகரவில்லை.

அவர் சட்டியை எடுத்து வந்து செவலையின் முன்னால் வைத்தார். தண்ணீர் கையைச் சுட்டது. அலகைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தார். அது குடிக்கவில்லை. கையில் தூக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் தன் வீட்டுக் கோழி ஒன்றைக் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. அது இவ்வளவு கனமில்லாமல் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கழுத்து அவர் முழங்கையில் சாய்ந்தது. பிறகு தொண்டைத் துடிப்பும் நின்றுவிட்டது.

அதை நிழலில் கிடத்தினார். பிறகு உள்ளே போய், போனை எடுத்து பகவதியைக் கூப்பிட்டார். பட்டப்பகலில் அவர் மனைவிக்குப் போன் செய்கிற ஆளில்லை. மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்னங்க? என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"பெறகு?"

"ஏளா... செவலை செத்துப் போச்சு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பேத்தி எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"சட்டில என்ன தண்ணி வச்சிய?" என்றாள் பகவதி.

"போர் தண்ணிதான். எப்பவும் வைக்கிற தண்ணி."

"எப்பவும் வைக்கிறதா? நான் எப்பவும் அதத்தான் வைக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அடுப்படியில், மாவாட்டுகிற மெஷினுக்குப் பின்னால், தட்டுப் போட்டு மூடிய இரண்டு குடங்கள் முன்பு எப்போதும் இருக்கும். குழாய் வந்த அன்று முதலில் நிறைவது அவைதான். ஒருதடவை தண்ணீர் கஷ்டமான சமயத்தில் அவர் அதில் ஒன்றைத் தூக்கப் போனபோது, "அது கோழிக்கு, தொடாதிய," என்றாள். "மனுசனுக்கே இங்க தொண்டை காயுது, கோழிக்கு நல்ல தண்ணி கேக்கோ?" என்று அவர் கத்தினார். அதன் பிறகு குடங்களை அவர் பார்க்கவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தார். அவள் குடங்களைத்தான் இடம் மாற்றியிருக்கிறாள்.

"நெறைய உப்புலா அந்தத் தண்ணி," என்றாள் பகவதி. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. "வெயில் காலத்துல அதக் குடிச்சா வயித்தால போவும், இன்னுந் தாகம் எடுக்கும். மத்ததுக எப்படி இருக்கு?"

"வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி."

"டிரம்முல நல்ல தண்ணி கெடக்கா?"

"அடியில கொஞ்சம். கொழாய் வந்து ரொம்ப நாளாச்சு."

"அதுல ஒரு சருவம் எடுத்து இப்பமே வைங்க. சட்டியக் கழுவிட்டு வைங்க. பெறகு வண்டிய எடுத்துக்கிட்டு அத்திமரப்பட்டிக்குப் போங்க. சொரிமுத்து அண்ணாச்சி தோட்டத்துக் கெணறு ஞாபகம் இருக்கா? அங்கன ரெண்டு கேன் தண்ணி வாங்கிட்டு வாங்க. தருவாவ."

"அந்தக் கெணறா? அது இன்னுமா இருக்கு?"

"போயித்தான் பாருங்களேன்," என்றாள்.

செவலையை முருங்கை மரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சுவரோரத்து நிழலில் வைத்து, டிரம்மின் அடித்தண்ணீரை ஊற்றினார். கறுப்புக்கோழி ஒன்று தள்ளாடி வந்து முதல் வாய் குடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அத்திமரப்பட்டி ரொம்ப தூரமில்லை. முத்தையாபுரத்தின் உப்பு மண் முடிந்து கொஞ்சம் தள்ளிப் போனால், வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வாழைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். ஒரே ஊர்ப்பக்கத்தில் இப்படி இரண்டு விதமான மண் இருப்பதை ஆரம்ப காலத்தில் அவரும் பகவதியும் பேசிப் பேசி ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. முன்பு மண் ரோடாக இருந்த இடத்தில் தார் போட்டிருந்தார்கள். இருபுறமும் வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் திருப்பம் வந்ததும் வண்டி தானாகத் திரும்பியது.

கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்தது ஒரு வளவில். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள். முற்றத்துக் கிணற்றில் இறைத்தால் கடல் தண்ணீர் மாதிரிதான். துறைமுகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஷிப்டு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல், சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு சொரிமுத்து தோட்டத்துக்குப் போய், மாடு கட்டிக் கமலை இறைக்கிற கிணற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். குடத்தின் வாயில் வாழை இலையை வைத்துக் கட்டியிருந்தாலும், வழியெல்லாம் தளும்பி முழங்கால் நனைந்துவிடும்.

முதல் கோழிகள் வந்ததும் அந்த வளவுக்குத்தான். உடன்குடிக்குப் பக்கத்தில் பகவதியின் அப்பா வீட்டிலிருந்து ஒரு சேவலும் இன்னும் முட்டையிடத் தொடங்காத இரண்டு வெடக்கோழிகளும் ஓலைப்பெட்டியில் பஸ் ஏறி வந்தன. கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்டதாகச் சொல்லிச் சொல்லி பகவதி சிரித்தாள். அந்தக் கோழிகளும் வந்த அன்றே முற்றத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மறுத்துவிட்டன. "எங்க ஊருக் கோழிலா, வாய்க்கு ருசி தெரியும்," என்றாள் பகவதி பெருமையாக. சில நாட்களிலேயே அவை கண்டுபிடித்துவிட்டன. தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும், மூன்றும் இறக்கையை அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும். வளவே சிரிக்கும். பின்னாலேயே பகவதி கிண்ணத்தோடு வருவாள். குடத்தை இறக்குவதற்கு முன்பே கிண்ணத்தில் சாய்த்து வாங்கி, கோழிகளுக்கு வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். "எனக்குக் கூட ஒரு வாய் கேக்கல, கோழிக்கு வாங்கிட்டு ஓடுதா பாரு," என்று அவர் சத்தம் போடுவார். அது பொய்ச் சத்தம் என்று அவளுக்கும் தெரியும், வளவில் எல்லோருக்கும் தெரியும்.

எப்போது அந்தச் சைக்கிள் நின்றது? வேலை நிரந்தரமானதும் ஓவர்டைம் வந்தது. நிலக்கரிக் கப்பல் வந்து நின்றால் நாள் கணக்கில் இறக்க வேண்டியிருக்கும். சொந்த வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை. தண்ணீர் லாரி தெருவுக்கே வர ஆரம்பித்தது. இதில் எது முதலில் வந்தது என்று வண்டியை ஓட்டியபடியே யோசித்தார். பிடிபடவில்லை.

கிணறு இருந்தது. சுற்றுச்சுவரைச் சிமெண்ட் பூசி உயர்த்தி, மேலே கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள். கமலைக் கல் மட்டும் ஓரமாகக் கிடந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டி, அங்கிருந்து வாழைக்குப் போனது. தொட்டியோரம் வாழைப்பூ உரித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவருடைய வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"யாரு?"

"முத்தையாபுரம். சொரிமுத்து அண்ணாச்சி..."

"மாமா தவறி ரொம்ப வருசமாச்சே. நான் அவிய மருமவ, பேச்சிச்செல்வி." கண்ணைச் சுருக்கிக் கேன்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏ, நீங்க சைக்கிள் அண்ணாச்சிலா! பகவதி வீட்டுக்காரவ!"

அவர் சிரித்தார். "ஆமா. மறந்துருப்பியன்னு நெனச்சேன்."

"உங்கள மறந்தாலும் பகவதிய மறப்பனா? நான் கல்யாணங் கட்டி இங்க வந்த புதுசுல எனக்கு இருந்த ஒரே சேக்காளி அவதான். மத்தியானம் ஆனா ஒரு கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு வந்துருவா."

"எங்க, இங்கயா? தண்ணிதான் நான் கொண்டுபோயிருவேனே."

"நீங்க கொண்டு போனது மொதல்ல. பெறகு நீங்க ஓவர்டைமு ஓவர்டைமுன்னு போயிட்டியள்லா? அப்பந்தான். கோழிக்குத் தண்ணி எடுக்க வந்தேன்னு சொல்லுவா." பேச்சிச்செல்வி சிரித்தாள். "ஒரு கொடம் நெறைக்க அவளுக்கு ஒரு மத்தியானம் ஆவும். வாய்க்கால்ல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. கல்யாணமாயி வருசம் ஓடிட்டு, வயித்துல ஒண்ணும் தங்கல. வளவுல ஒருத்தி வளைகாப்புக்கு எல்லாரையும் கூப்பிட்டுட்டு இவள மட்டும் விட்டுட்டாளாம். அன்னைக்கு வந்து அழுதா பாருங்க, எனக்கு என்ன செய்யன்னே தெரியல. அழுது முடிச்சு மொகத்தக் கழுவிட்டு, கொடத்தத் தூக்கி வச்சுக்கிட்டு, 'கோழி தேடும், நான் வாரேன்'ன்னு போனா."

சங்கரபாண்டியன் கேனைக் குழாயடியில் வைத்தார். தண்ணீர் விழுகிற சத்தம் பெரிதாக இருந்ததால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வளைகாப்பு அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டிலிருந்து வந்த கலவை சாதத்தை ஷிப்டுக்குப் போகும் முன் அவர் சாப்பிட்டிருக்கிறார். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

"உமா பொறந்ததும் தூக்கிட்டு மொதல்ல இங்கதான் வந்தா," என்றாள் பேச்சிச்செல்வி. "இப்பமும் எப்பவாவது வாழையிலைக்கு வருவா. நல்லா இருக்காளா?"

"நல்லாருக்கா. மகளுக்குப் பேறுகாலம், போயிருக்கா," என்றார். வரும்போது பேச்சிச்செல்வி கேன் கட்டிய கயிற்றின் இடுக்கில் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தைச் செருகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சட்டியைத் திரும்பவும் நிரப்பினார். கிணற்றுத் தண்ணீர் இன்னும் குளுமையாக இருந்தது. இந்தத் தடவை உள்ளே போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சேவல் வந்து பார்த்துவிட்டு ஒரு மாதிரி கொக்கரித்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. அலகைத் தண்ணீரில் நனைத்து, தலையை நிமிர்த்தி, கண்ணை அரைவாசி மூடி, தொண்டையில் அது இறங்குகிறவரை நின்று, மறுபடியும் குனிந்தன. அவசரமே இல்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்த்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அந்தச் சின்னத் தொண்டைக்குள் தண்ணீர் போகிறது வெளியிலேயே தெரிந்தது.

சாயங்காலம் வீடியோவில் பகவதியைக் கூப்பிட்டார். மகள் எப்போதோ சொல்லிக்கொடுத்தது. அவர் செய்து பார்த்ததில்லை. போனைத் திருப்பிக் கோழிகளைக் காட்டினார்.

"கருப்பி குடிச்சிட்டாளா? அந்த வெடக்கோழிய நல்லா காட்டுங்க. ம், கண்ணு தெளிஞ்சிருக்கு. சின்ன வெங்காயத்த நசுக்கிக் கொஞ்சம் போடுங்க. சரியாயிரும்."

சொன்னதையெல்லாம் செய்வதாகச் சொன்னார். பிறகும் போனை வைக்கவில்லை.

"பேச்சிச்செல்வியப் பாத்தேன்," என்றார்.

"ம்."

"நீ அங்கன போயி உக்காந்திருப்பியாம்லா."

பகவதி போனிலிருந்து கொஞ்சம் முகத்தைத் திருப்பினாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"நீங்க எப்ப முழிச்சிருந்திய சொல்லுகதுக்கு?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னாள். கோயம்புத்தூரில் யாரோ டிவி போட்டார்கள். பகவதி எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன்," என்றாள். "வளவுல இருந்தப்ப, அந்தச் சைக்கிள் மணி கேட்டா, கோழி மட்டுமா ஓடியாந்துச்சு? நானும் அடுப்பப் போட்டது போட்டபடி ஓடியாருவேன். கிண்ணத்த எடுத்துக்கிட்டு வாரது ஒரு சாக்குதான். மாமியா இல்லாத வீடுன்னாலும் வளவு முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்குமே. சும்மா ஓடியாந்தா சிரிப்பாவள்லா."

சங்கரபாண்டியன் போனைக் கையில் வைத்துக்கொண்டு துவைகல்லிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை காலம் கோழியோடு போட்டி போட்டுத் தோற்றதாக அல்லவா நினைத்திருந்தார்!

அன்றிலிருந்து காலைப் பேச்சு காலையோடு முடியவில்லை. தண்ணீர் வைத்தாயிற்றா என்றுதான் தொடங்கும். அதிலிருந்து வளவில் இருந்த டெய்லர் எங்கே போனார், அந்தக் கண்டக்டர் கடைசியில் கோழிக்கு டிக்கெட் போட்டானா இல்லையா, உமாராணி குழந்தையாக இருந்தபோது கோழிச் சட்டியில் கைவிட்டுக் குடித்ததற்கு யார் யாரைத் திட்டினார்கள் என்று எங்கெங்கோ போகும். கண்டக்டர் டிக்கெட் போட்டான் என்றாள் அவள். போடவில்லை, பனங்கிழங்கு கொடுத்துச் சமாளித்தோம் என்றார் அவர். நீங்கள் அன்று எங்களோடு வரவே இல்லை, எங்க அப்பாதான் கொண்டுவந்து விட்டார் என்று அவள் அடித்துச் சொன்னாள். இந்த ஒரு வழக்கு பல நாள் நடந்தது.

பைப் சரியாகித் தெருக்குழாய் வந்த பிறகும், வாரத்தில் ஒருதடவை அத்திமரப்பட்டிக்குப் போய்வந்தார். மத்தியானம் ஒருமுறை தண்ணீரை மாற்றினார். சாக்கை நனைத்துக் கூட்டின் மேல் போட்டார். அடைக்கு உட்கார்ந்திருந்த புள்ளிக்கோழி எழுந்து வரச் சோம்பல்பட்டதால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கிண்ணம் வைத்தார். அது குஞ்சு பொரித்ததும் பகவதி பதறிப்போய்ச் சொன்னாள்: "சட்டித் தண்ணிய அப்பிடியே வைக்காதிய, குஞ்சு விழுந்து முங்கிச் செத்துரும். உள்ள கல்லப் போடுங்க." அவர் கடற்கரைக்குப் போனபோது சிப்பிகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, தட்டையான தட்டில் நெருக்கமாக அடுக்கி, இடுக்குகளில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றினார். பஞ்சு உருண்டைகள் மாதிரிக் குஞ்சுகள் சிப்பி மேல் ஏறி நின்று குடித்தன. படம் எடுத்து அனுப்பினார். உமாராணி அதை அவள் ஆபீஸ் முழுக்கக் காட்டியதாகச் சொன்னாள்.

ஆனி மாதம் பேரன் பிறந்தான். அவர் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஒரு வாரம் கோழிகளை அடுத்த வீட்டுத் தேவபிரசாதம் சாரிடம் ஒப்படைத்தார். நாசரேத் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர் அவர். ரயில் ஏறிய பிறகும் அவருக்குப் போன் போட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், நிழலில் வைக்க வேண்டும் என்று சங்கரபாண்டியன் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்.

ஆடிக்காற்று முருங்கைக் கிளையை ஒடித்துப் போட்ட ஒரு நாள் பகவதி திரும்பி வந்தாள். பையைக் கூடத்தில் வைத்தாள், முகம்கூடக் கழுவவில்லை, நேரே புறவாசலுக்குப் போனாள்.

"பா, பா, பா," என்று கூப்பிட்டாள்.

கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கருப்பி மட்டும் இரண்டு எட்டு வந்து நின்றது. அதற்குள் பின்னாலேயே சங்கரபாண்டியன் வந்துவிட, அத்தனையும் அவளைத் தாண்டி அவர் காலடிக்கு ஓடின. வளர்ந்து இறக்கை முளைத்திருந்த குஞ்சுகள் அவளைக் கண்டு மிரண்டு கூட்டுக்கடியில் ஒளிந்தன.

"இதுகளப் பாத்தியளா!" என்றாள் பகவதி. உண்மையாகவே முகம் சுண்டிப்போயிற்று. "இத்தன வருசம் நான் தண்ணி வச்சேன். நாலு மாசத்துல ஆளையே மறந்துட்டுகளே."

"மறக்கல. வெளியூர் வாசன அடிக்கி ஒம்மேல. நாளைக்கு வந்துரும்," என்றார்.

"சட்டி எங்க? இங்கனலா கெடக்கும்."

"மத்தியானத்துக்கு மேல அங்க வெயில் வருது. அந்தப் பக்கம் மாத்திட்டேன்."

அவள் போய்ச் சட்டியைப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள், வழுவழுப்பு இல்லை. தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். துவைகல்லில் இருவருக்கும் இடம் போதாததால், அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பகவதி பேரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பால் குடித்து முடித்ததும் எப்படி ஒரு பெருமூச்சு விடுகிறான், மூத்தவள் அவனைத் தொட்டிலோடு கீழே தள்ளப் பார்த்தது, மருமகன் ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு எவ்வளவு சீக்கிரம் வேகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பாதியை அவர் போனில் கேட்டிருந்தார். ஆனாலும் குறுக்கே பேசவில்லை. கோழிகள் ஒவ்வொன்றாகக் கூடடையத் தொடங்கின. காற்று மண்ணை வாரி டீயில் போட்டது. அவள் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டு மேலே சொல்லிக்கொண்டே போனாள்.